எதுவும் கொட்டலியே?

என் கடைக்கு லேப்டாப் கொண்டுவருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: மேலே எதையாவது கொட்டினீர்களா? எல்லோரும் இல்லை என்பார்கள். எல்லோரும் புளுகுவார்கள். பெமிட்ஜி என்கிற இந்தப் பனி ஊரில் பதினாறு வருடமாக இந்தப் புளுகைக் கேட்டே எனக்கு ரத்தக்கொதிப்பு வந்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு டெல்மா வந்தாள். எட்டாம் வகுப்பில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து என் தலையில் காகித உருண்டை எறிந்தவள். இப்போது மருத்துவமனையில் தரை துடைக்கிறாள். செவிலி உதவியாளர் படிப்பின் கடைசித் தேர்வில் இரண்டு முறை தோற்றுவிட்டாள். மூன்றாவது முறை அன்று மதியம் ஒரு மணிக்கு. அதற்கு மேல் வாய்ப்பே கிடையாது. வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் பதிவு செய்த இந்த லேப்டாப்பில்தான் எழுத வேண்டுமாம்.

"எதுவும் கொட்டலியே?"

"சத்தியமா இல்லடா ஆர்வின். நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு. காலைல பார்த்தா உசுரே இல்ல."

சார்ஜரை மீட்டரில் வைத்தேன். மின்சாரம் வந்தது. சார்ஜர் சொருகும் துளைக்குள் எட்டிப் பார்த்தேன். கறுப்புத் துளை, கறுப்பாகவே இருந்தது. பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தேன். வேறு சார்ஜர் மாட்டினேன். ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. அடிமூடியைக் கழற்றப்போனால் பதினொரு திருகில் ஒன்று தேய்ந்துபோய் இருபது நிமிடத்தைத் தின்றது. அதை ஒருவழியாகத் திறந்தபோது, ஓரத்தில் பழுப்புக் கறை.

"காப்பி!" என்று கத்தினேன். "மணி பன்னெண்டு! ஒன்றரை மணி நேரமா குருடன் மாதிரி தடவிக்கிட்டிருக்கேன். வாயத் திறந்து சொல்றதுக்கு என்னடி?"

அவள் கண் கலங்கிவிட்டது. "படிச்சுக்கிட்டே தூங்கிட்டேன். திங்கக்கிழமை. மூணு நாள் அரிசில புதைச்சு வெச்சேன். உங்கிட்ட சொன்னா கத்துவ. இப்ப கத்துறியே, இதே மாதிரி."

"அரிசி ஈரத்த எடுக்காது, டெல்மா! எத்தன தடவ சொல்றது? உள்ள போய் மாட்டிக்கத்தான் செய்யும். துளைக்குள்ள பார்த்தேனே, வெள்ளையா ஒண்ணும்…"

பாதியில் நின்றேன்.

"என்ன அரிசி?"

"எங்க வீட்ல வேற என்ன அரிசி இருக்கும்? எங்கண்ணன் படகுல போய், ஏரித் தண்ணில தானா வெளையிற கதிரத் தட்டிட்டு வந்ததுதான்."

ஏரியரிசி! ஊசி மாதிரி மெலிசு, கரி மாதிரி கறுப்பு. உறைந்த ஏரியின் ஐஸ் மேல் மீன்பிடிக்கப் போகும்போது நெற்றியில் கட்டும் விளக்கை மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தேன். துளையின் அடியில் ஒரு மணி, காப்பியில் ஊறி, காய்ந்து, பசை போட்டதுபோல் ஒட்டியிருந்தது. அதனால்தான் சார்ஜர் முனை அடிவரை இறங்காமல், உள்ளே மின்சாரமே போகவில்லை. என்னையே நாலு அறை அறையலாம் போல் இருந்தது. ஊசியால் நெம்பி எடுத்தபோது மணி பன்னிரண்டே முக்கால். சார்ஜரைச் சொருகினேன். ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

வீட்டுக்குப் போக நேரமில்லை. என் மேசையிலேயே உட்கார்ந்தாள். திரையைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ரூம்ல வேற யாரும் இருக்கக் கூடாதாம். கேமரா பார்க்குமாம்."

"இது என் கடைடி!"

"வெளிய போடா, ப்ளீஸ்."

குளிருக்குப் போடும் கோட்டுகூட எடுக்காமல் வெளியே போய், என் வண்டியில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவளைத் திட்டினேன், காப்பியைத் திட்டினேன். பாழாய்ப்போன அந்த லேப்டாப் நடுவில் அணைந்துவிடக் கூடாதே என்று வேண்டவும் செய்தேன்.

மூன்று மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தாள். "எழுபத்தாறுடா! எழுபத்தஞ்சு இருந்தா போதும்!"

நான் வண்டியை விட்டு இறங்குவதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசிக் கேள்வி என்ன தெரியுமா? நோயாளி ஏதோ மறைக்கிறார்னு தெரியுது, நீ என்ன செய்வ?"

"என்ன போட்ட?"

"கத்தக் கூடாது, பயமில்லாம சொல்ற மாதிரி மறுபடி கேக்கணும்னு போட்டேன். புஸ்தகத்துல படிச்சது மறந்துபோச்சுடா. உன் மூஞ்சிய நெனச்சேன், அதுக்கு நேர்மாறாப் போட்டேன்."