சாயம் வேண்டாம்

கெர்ரினின் கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. மணப்பெண் தோழிகள் நால்வருக்கும் உடம்பில் பழுப்புச் சாயம் அடித்துவிட அவளே கடையில் நேரம் கேட்டு வைத்திருந்தாள். அந்த நால்வரில் ஒருத்தி அவளுடைய அக்கா டீகன்.

"நானுமா?" என்றாள் டீகன்.

"உன்னைத்தான் முதல்ல அடிக்கணும். போட்டோல எல்லாரும் ஒரே நிறமா இருக்க வேண்டாமா? நீ இப்படியே வந்து நின்னா பக்கத்துல ஒரு ஃபிரிட்ஜை நிறுத்தி வெச்ச மாதிரி இருக்கும்."

டீகன் சிரித்தாள். தங்கையின் நாளில் தகராறு வேண்டாம் என்று தலையையும் ஆட்டிவிட்டாள்.

ஆஸ்திரேலியாவில் பர்காரா கடற்கரையில் வளர்ந்த பெண்கள் அவர்கள். வெளுக்க வேண்டும் என்று நம்மூர்ப் பெண்கள் படுகிற பாட்டையெல்லாம் அங்கே பழுப்பேற வேண்டும் என்று படுவார்கள். டீகன் பதினான்கு வயதிலேயே உடம்பெல்லாம் எண்ணெய் தடவிக்கொண்டு மணலில் புரண்டு புரண்டு படுத்தவள். கோடை முடியும்போது வறுத்த முந்திரி போல் மினுங்குவாள். இருபது வருஷம் அதுதான் அவளுடைய அழகு. அதற்காகத்தான் ஊரே அவளைத் திரும்பிப் பார்த்தது.

முப்பத்தேழாவது வயதில் இடது கெண்டைக்காலில் மிளகு போல ஒரு கறுப்புப் புள்ளி தோன்றி, ஓரம் கலைந்து பரவியது. டாக்டர் மெலனோமா என்றார், வெயிலால் வரும் தோல் புற்று. கரண்டியால் தோண்டி எடுத்ததுபோல் சதையை வெட்டி எடுத்தார்கள். தொடையிலிருந்து தோலை உரித்து அந்தக் குழியில் ஒட்டினார்கள். நல்ல வேளை, அதற்கு மேல் பரவவில்லை. அன்றிலிருந்து அவள் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் வாசலைத் தாண்டுவதில்லை. இரண்டு வருஷத்தில் பழுப்பெல்லாம் கரைந்து, பிறந்தபோது இருந்த தோல் வெளியே வந்தது. பால் வெளுப்பு, மணிக்கட்டில் நீல நரம்பு, தோளெல்லாம் தவிட்டு நிறப் பொட்டுகள்.

அவள் ஓட்டும் பள்ளிப் பேருந்தில் பிள்ளைகளை ஏற்றிவிட வரும் அம்மாக்கள், "ஏன் டீகன், உடம்பு சரியில்லையா?" என்று கேட்காத வாரம் கிடையாது.

சாயக் கடையில் காகித ஜட்டி ஒன்றை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். ஜோடி என்ற கடைக்காரி வலது பாதத்தில் தொடங்கிச் சில்லென்று அடித்துக்கொண்டே மேலே வந்தாள். பொட்டுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. தொடைவரை பழைய டீகன் வந்து நின்றாள்.

"அந்தக் குழிக்குள்ள மட்டும் ரெண்டு தடவை அடிச்சுடறேன். அப்புறம் அப்படி ஒண்ணு இருந்ததே தெரியாது, பாரு," என்றாள் ஜோடி.

டீகன் கண்ணாடியில் தன் இரண்டு கால்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். அந்தப் பழுப்புக் காலைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆஸ்பத்திரி வாடைதான் வந்தது.

"ஜோடி, நிறுத்து. போதும்."

"என்ன போதும்? ஒரு கால்தானே ஆகியிருக்கு. ஒரு காலோட எப்படிப் போவ?"

"நடந்துதான்."

வீட்டில் விஷயம் வெடித்தது. "வேணும்னே பண்றியா?" என்று கெர்ரின் கத்தினாள். "என் கல்யாணத்தை உன் வியாதியோட விழாவா ஆக்கப் போறியா?"

"இது வியாதி இல்ல. என் தோல்."

"சரி, நீளப் பாவாடையாவது போட்டுக்கோ. அந்தக் கால் தெரியாம இருக்கும்."

"மத்தவங்க போடற அதே கவுன்தான் எனக்கும்."

அம்மா மார்லின் நடுவில் புகுந்தாள். "ஒரு நாள்தானே, கண்ணு. விட்டுக்குடேன். நாலு தடவை குளிச்சா போயிடும்."

டீகனின் குரல் உயரவில்லை. "அம்மா, எனக்குள்ள புற்று வளர்ந்த வருஷம் நான் எப்படி இருந்தேன், ஞாபகம் இருக்கா? தகதகன்னு இருந்தேன். கிறிஸ்துமஸுக்கு வந்த அத்தனை பேரும் எவ்வளவு அழகா இருக்கேன்னாங்க. ஒருத்தர்கூட உடம்பு சரியில்லையான்னு கேக்கல. இப்பதான் எனக்கு ஒண்ணும் இல்ல. இப்பதான் எல்லாரும் கேக்கறீங்க."

கெர்ரின் கதவை அறைந்துவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் டீகன் குளியலறையில் எலுமிச்சையும் சமையல் சோடாவும் போட்டுக் காலைத் தேய்த்தாள். சாயம் பாதி போயிற்று. மீதி திட்டுத் திட்டாக நின்றது. மாதாமாதம் புள்ளிகளைத் தேடுவதற்காகத்தான் அவள் கண்ணாடி முன் நிற்பது வழக்கம். அன்று எதையும் தேடாமல் நின்றாள். தோள்களைப் பார்த்தாள். கழுத்தெலும்பின் மேல் வெளிச்சம் விழுந்து வழிவதைப் பார்த்தாள். குழியையும் பார்த்தாள், உயிரோடு இருப்பதற்குக் கொடுத்த சதை அது.

"நல்லா இருக்கேன்," என்று வாய்விட்டுச் சொன்னாள். கூச்சமாக இருந்தது. அதனால் இன்னொரு முறை சொன்னாள்.

சனிக்கிழமை மாலை, கடலை ஒட்டிய புல்தரையில் கல்யாணம். இளம் ஆரஞ்சு நிற கவுனில், முழங்காலுக்குக் கீழே எல்லாம் தெரிய, தலையில் அகலத் தொப்பியோடு டீகன் மூன்று தோழிகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். வெயிலுக்குப் பூசிய களிம்பு அவளை இன்னும் வெளுப்பாக்கியிருந்தது. நாற்காலிகளில் ஒரு முணுமுணுப்பு ஓடி அடங்கியது. அவள் முதுகை வளைக்கவில்லை.

கெர்ரின் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அக்காவைக் கடக்கும்போது திட்டுத் திட்டான அந்த வலது காலில் அவள் பார்வை விழுந்தது. உதடு துடித்தது.

"என்னடி இது, ஒட்டகச்சிவிங்கி மாதிரி," என்று கிசுகிசுத்தாள்.

"மூணு எலுமிச்சம்பழம் காலி," என்றாள் டீகன்.

கெர்ரினால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மணமேடை சேரும்வரை தோள் குலுங்கிக்கொண்டே போனாள்.

விருந்தில் மாப்பிள்ளையின் மாமா ஒருவர் பீரும் கையுமாகக் குனிந்து குழியைப் பார்த்தார். "சுறாவா, பொண்ணே?"

"இல்ல. வெயில்."

அவர் ஒரு நொடி யோசித்துவிட்டுத் தொப்பி இல்லாத தன் தலையைத் தடவிக்கொண்டார். டீகன் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடப் போனாள். பாட்டு நிற்கும்வரை உட்காரவில்லை.

படங்கள் வந்தபோது கெர்ரின் போனில் அழைத்தாள். "கம்ப்யூட்டர்ல உன் நிறத்தை எங்களோட சேர்த்துடலாமாம். படம் எடுத்தவர் கேக்கறார்."

"நீ என்ன சொன்ன?"

"உன்கிட்ட கேட்டுச் சொல்றேன்னேன்."

"அப்ப வேண்டாம்னு சொல்லு."

"தெரியும். சும்மா கேட்டேன்," என்றாள் கெர்ரின்.

கெர்ரின் மாறிவிடவில்லை. தேனிலவுக்குப் பாலித் தீவுக்குப் போய் முன்னைவிடப் பழுப்பாகத்தான் திரும்பினாள். வந்த வாரமே டீகன் அவளைக் காரில் ஏற்றித் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். வழி நெடுகக் கெர்ரின் முனகினாள். டீகன் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டினாள். அன்று அவள் முழுக்கைச் சட்டை போடவில்லை; அரைக்கை கவுன், வெளுத்த கைகள், தடவிய களிம்பு இன்னும் காயவில்லை.