ஹில்டாவின் மூக்கும் கறுப்பு டப்பாவும்

ஹில்டாவுக்குச் சம்பளம் கொடுத்ததே அவள் மூக்குக்காகத்தான். வேடிக்கையில்லை, நிஜம். அம்பத்தூர் எஸ்டேட்டில் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் தயாரிக்கிற கம்பெனியில், ஒவ்வொரு தொட்டி எண்ணெயையும் முகர்ந்து பார்த்து "போகலாம்", "போகக்கூடாது" என்று சொல்வதுதான் பன்னிரண்டு வருஷமாக அவள் வேலை. லேசாகக் காறல் வாடை அடித்தாலும் முகத்தைச் சுளிப்பாள். மேனேஜர் தேவராஜ் மறுபேச்சுப் பேசாமல் தொட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

அப்பேர்ப்பட்ட மூக்கு ஆறு மாதமாக மக்கர் பண்ணியது. காறிப்போன தொட்டிகள் இரண்டை அவள் "போகலாம்" என்று அனுப்ப, கடைக்காரர்கள் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தேவராஜ் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகப் பேசினார். 

"திங்கக்கிழமை பம்பாய்க்குப் போற தொட்டி வருதும்மா. அதுலயும் தப்பாச்சுன்னா உன்னப் பேக்கிங்குக்கு மாத்திடுவாங்க. என் கையில ஒண்ணும் இல்ல."

மூக்கு கெட்டதற்குக் காரணம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. கொரட்டூரில் அவள் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றதே, அந்தக் கார்தான். புருஷன் ராயப்பன் பாடியில் ஒரு ஃபாக்டரியில் லேத் ஓட்டுகிறவர். அங்கே வேலை பார்த்த வெளிநாட்டு இன்ஜினியர் ஆறு மாதம் முன்னால் ஊருக்குத் திரும்பும்போது, தன்னுடைய எழுபத்து மூன்றாம் வருஷத்து அமெரிக்க வண்டியை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். கட்டினார் என்று சொல்வது நாம்தான். ராயப்பனுக்கு அது கிரீடம். ஸ்டியரிங் இடது பக்கம். அதனால் வலது பக்கம் உட்காரும் ஹில்டாவைப் பார்த்து, கையில் ஒன்றுமே பிடிக்காமல் ஒரு பொம்பளை வண்டி ஓட்டுகிறாளே என்று எதிரே வரும் லாரிக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள்.

"பஸ்ல தொங்கிகினு போவாத ஹில்டா. ராணி மாதிரி குந்து," என்று தினமும் காலையில் கதவைத் திறந்துவிடுவார்.

ராணி குந்தினாள். பத்து நிமிஷப் பயணம்தான். ஆனால் வண்டிக்குள் பெட்ரோல் நெடி மண்டைக்கு ஏறியது. கம்பெனி வாசலில் இறங்கும்போது மல்லிகைப்பூவை மூக்கில் வைத்துத் தேய்த்தாலும் அவளுக்குப் பெட்ரோல்தான் மணத்தது. ராயப்பனுக்கோ லேத்து எண்ணெயில் ஊறிய மூக்கு. "எனக்கு ஒண்ணும் வரலியே" என்பார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிற அந்த முகத்தைப் பார்த்து, உன் வண்டியால் என் வேலை போகப் போகிறது என்று எப்படிச் சொல்வது? அவள் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில், "வண்டில நெடி அடிக்குதுங்க. பாய் ஒரு தபா பாக்கட்டும்" என்று மட்டும் சொல்லி, பூந்தமல்லியில் பஷீருதீன் ஷெட்டுக்கு அவரைக் கிளப்பிக்கொண்டு போனாள். வெளிநாட்டு வண்டி என்றால் அந்தப் பக்கம் பஷீருதீன்தான் டாக்டர். டேங்க், பைப், கார்புரேட்டர் எல்லாவற்றையும் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். எங்கும் ஒரு துளி ஈரமில்லை.

"லீக்கே கெடையாதுக்கா. பழைய வண்டின்னா அப்டித்தான் இர்க்கும். பழகிப்போயிடும்."

பழகிப்போவதா! ஹில்டாவுக்குச் சுர்ரென்று வந்தது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு திறந்திருந்த பானெட்டுக்குள் தலையை விட்டாள். முகர்ந்தாள். அரையடி நகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். டீக்கடையில் நின்ற நாலு பேர் கிளாஸோடு வந்து வேடிக்கை பார்த்தார்கள். ஹெட்லைட்டுக்குப் பின்னால், மூலையில், பால் டின் அளவில் ஒரு கறுப்பு டப்பாவுக்கு மேலே மூக்கு நின்றது.

"இது இன்னா பாய்?"

"அதுவா? வேஸ்ட்டுக்கா அது. டேங்க்ல கிளம்புற பெட்ரோல் ஆவிய புடிச்சி வெக்குமாம். அவுங்க நாட்டுல சட்டம். நம்ம ஊர்ல இன்னாத்துக்கு? அதுலேர்ந்து இன்ஜினுக்குப் போற டியூப வண்டி வந்த அன்னிக்கே கட் பண்ணி அடச்சி உட்டேன்."

"அத்தத் தெறங்க."

டப்பாவுக்குள் இருந்தது கறுப்புக் குருணை. ஒரு பிடி அள்ளியவள், "அட, நம்ம கரி!" என்று கூவிவிட்டாள். கொட்டாங்கச்சிக் கரி. அவள் கம்பெனியில் ஆள் உயரப் பீப்பாயில் இதைத்தான் நிரப்பி, எண்ணெயை அதன் வழியாக விட்டு வாடையை எடுக்கிறார்கள். பன்னிரண்டு வருஷமாகத் தினம் பார்க்கிற சரக்கு. வாடையை உறிஞ்சி உறிஞ்சிக் கரி ஒருநாள் நிரம்பிவிடும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"வயிறு நெறஞ்சா கரி கக்கும் பாய். அப்பப்போ அத்தக் காலி பண்ணணும். நாங்க நீராவி உட்டுக் காலி பண்ணுவோம். இந்த வண்டில அந்த வேலைய நீங்க அடச்ச டியூப்தான் செஞ்சுகினு இருந்திருக்கும். வண்டி ஓடும்போது கரில கீற ஆவிய எல்லாம் இன்ஜினே உறிஞ்சிக் குடிச்சிடும்."

பஷீருதீன் டப்பாவைப் பார்த்தார், அடைத்த டியூபைப் பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார்.

"அல்லா! இதே மாதிரி எத்தினி வண்டில அடச்சி உட்டிருப்பேன்! எல்லாரையும் தேடிப் புடிக்கணுமே. அக்கா, உங்க மூக்க ஒரு மாசம் எனக்கு வாடகைக்குக் குடுங்க."

நேரே கம்பெனிக்குப் போய் ஒரு கிலோ புதுக் கரி கேட்டாள். "கரி எதுக்கும்மா?" என்றார் தேவராஜ். "என் மூக்குக்கு சார்" என்றாள். அவர் குழம்பிப்போய்க் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் பஷீருதீன் கரியை நிரப்பி, புது டியூப் போட்டு இன்ஜினோடு சேர்த்தார். கூலிப் பேச்சையே எடுக்கவிடவில்லை.

திங்கட்கிழமை வண்டிக் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டு உட்கார்ந்தாள். ஸீட்டு ரெக்ஸின் மணத்தது, ராயப்பன் சட்டையில் சவுக்காரம் மணத்தது. அவ்வளவுதான். ஹில்டாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பம்பாய்த் தொட்டியைச் சுற்றி மூன்று பேர் நின்றார்கள். மூவரும் முகர்ந்து "பிரமாதம்" என்றார்கள். ஹில்டா முகர்ந்தாள், கொஞ்சம் நிறுத்தி இன்னொரு முறை முகர்ந்தாள். அடியில் எங்கோ நூலிழையாகக் காறல்.

"போகக்கூடாது சார்."

தேவராஜுக்கு வேர்த்தது. சாம்பிளை லேபுக்கு அனுப்பினார். மத்தியானம் லேபிலிருந்து பதில் வந்தது: காறல்தான். தேவராஜ் தனக்கு வந்த டீயை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் வண்டியில் ஏறியதும் ராயப்பனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கெட்டுப்போன தொட்டிகள், பேக்கிங் செக்‌ஷன், ஆறு மாதத்துப் பயம். அவர் ஓட்டிவந்து, கொரட்டூர் ஏரிக்கரை ஓரமாக வண்டியை நிறுத்தினார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

ஹில்டா டேஷ்போர்டுத் தூசியை விரலால் துடைத்தாள்.

"சொல்லியிருந்தா மறுநாளே இத்த வித்துத் தள்ளியிருப்பேனே, ஹில்டா!"

"தெரியும். அதான் சொல்லல."

ராயப்பன் அந்தப் பக்கமாகத் திரும்பி ஏரியைப் பார்த்தார். சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பெட்ரோல் நெடி. கண்ணக் கரிக்குது," என்றார்.

"பொய் சொல்லாதீங்க," என்றாள் ஹில்டா. "வண்டில நெடியே கெடையாது."