ஹுஸ்னாவுக்கு ஒரு மூஜோ

முதல் வகுப்புக்கு முன்னால் சின்னப் பிள்ளைகளைச் சேர்க்கிற பள்ளிக்கு ரங்கூனில் மூஜோ என்று பெயர். இரண்டாயிரத்து இரண்டில் தாமுவே பகுதியில் ஷம்சுதீனின் வீட்டுப் பக்கமாக அரசு மூஜோக்கள் மூன்று இருந்தன. எது சிறந்தது என்று கேட்டால் அவனுடைய அக்கா சைதா யோசிக்கவே மாட்டாள். சுவரில் யானையும் மயிலும் வரைந்து, முற்றத்தில் ஊஞ்சல் போட்டு, பெரிய இடத்துப் பிள்ளைகள் வந்துபோகிற பள்ளியைத்தான் சொல்வாள். ஆளைப் பிடித்துத் தம்பி மகள் ஹுஸ்னாவை அங்கே சேர்த்துவிட்டதும் அவள்தான்.

அந்தப் பள்ளிதான் ஒரே வாரத்தில் பிள்ளையைத் திருப்பி அனுப்பியது.

"பாடுகிறாள், ஆடுகிறாள், எல்லாம் சரி. சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தால் வீறிட்டு அழுகிறாள். முதலில் பர்மியம் கற்றுக்கொள்ளட்டும். அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றார் தலைமையாசிரியை.

அடுத்த வருஷம் ஹுஸ்னா நேராக முதல் வகுப்பில் உட்கார வேண்டியவள். பாஷை புரியாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்து பெயிலாகிற தமிழ்ப் பிள்ளைகளை அவளுடைய தாய் பரீதா பார்த்திருக்கிறாள்.

"வீட்டுக்குள்ள தமிழ்தான்னு தம்பி சட்டம் போட்டான், நீயும் தலையாட்டுன. இப்ப அனுபவி" என்றாள் சைதா.

"அனுபவிக்கிறதுக்கு நான் தயாரா இல்ல மைனி. இன்னும் ரெண்டு மூஜோ இருக்குல்ல?"

"அதெல்லாம் ஒரு மூஜோவா? ஒண்ணு சந்தைக்குப் பின்னாடி, இன்னொண்ணு ரயில் ரோட்டு ஓரம். பேரைச் சொன்னாலே சிரிப்பாங்க."

சிரித்தால் சிரிக்கட்டும் என்று பரீதா குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். யானையையும் மயிலையும் வைத்துப் பள்ளியை எடைபோடுவதில்லை, ஒரே கேள்வியை எல்லா இடத்திலும் கேட்பது என்று முடிவு செய்திருந்தாள். 'என் பிள்ளை சாப்பிட மறுத்தால் என்ன செய்வீர்கள்?'

முதல் பள்ளியின் பதில் தெரிந்ததுதான். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

சந்தைக்குப் பின்னால் இருந்த பள்ளி துடைத்து வைத்தாற்போல் இருந்தது. பிள்ளைகள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. "பாத்திரத்தை மூடி வைத்துவிடுவோம். பசித்தால் தானே சாப்பிடும்" என்றார் அங்கிருந்த ஆசிரியை. பரீதா கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

ரயில் ரோட்டுப் பள்ளியில் கூரை ஒழுகிற இடத்தில் ஒரு வாளி. வாளிக்குள் ஒரு பையன் காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தான். ஆசிரியை டோ ஓன் ஜி கேள்வியைக் கேட்டதும் திருப்பிக் கேட்டார்: "ஏன் சாப்பிடவில்லை?"

"தெரியவில்லை, ஸயாமா" என்றாள் பரீதா. ஆசிரியையை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். "வீட்டில் தட்டை வழித்துச் சாப்பிடுகிறவள்தான்."

"காரணம் தெரியாமல் நான் என்ன சொல்ல? நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். நீங்களும் கூட உட்காருங்கள்."

மறுநாள் சோறும் முட்டையுமாகப் பாத்திரத்தைத் திறந்தார்கள். டோ ஓன் ஜி ஹுஸ்னாவின் முன்னால் குனிந்து, தலையைத் தடவி, தேன் ஒழுகும் குரலில், "சா, தமீ, சா" என்றார். சாப்பிடு மகளே, சாப்பிடு என்றுதான் அதற்குப் பர்மியத்தில் அர்த்தம்.

ஹுஸ்னா தாயின் பர்மிய லுங்கியைப் பிடித்துக்கொண்டு அலறினாள். "நான் சாக மாட்டேன் உம்மா! நான் சாகவே மாட்டேன்!"

பரீதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பர்மியமும் தமிழும் அவள் வாயில் வேறு வேறு அறைகளில் குடியிருந்தன. இந்தச் 'சா' அந்தச் 'சா'வை ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. பிள்ளைக்கோ தெரிந்தது ஒரே அறைதான். தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் வாப்பா கொசு அடிப்பார். ஒவ்வொரு அடிக்கும், "சா! சா!" என்பார். அதைக் கேட்டு வளர்ந்த குழந்தையைப் பார்த்து, சோற்றை முன்னால் வைத்து, ஒரு பள்ளிக்கூடமே அதைச் சொன்னால்?

அவளுக்குச் சிரிப்பு பொங்கியது, கண்ணீரும் கூடவே வந்தது. "ஸயாமா, எங்கள் மொழியில் சா என்றால் செத்துப்போ!"

"அடக் கடவுளே!" டோ ஓன் ஜி நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "இந்தக் குஞ்சையா நான் சாகச் சொன்னேன்? சாப்பிடுவதற்கு உங்கள் மொழியில் என்ன?"

"சாப்பிடு."

"சா... பிது?"

அழுகையை நிறுத்திவிட்டு ஹுஸ்னா ஆசிரியையை நிமிர்ந்து பார்த்தாள். பெரியவர்கள் தப்பாகப் பேசுவதை அவளால் பொறுக்க முடியாது. "பிது இல்ல. பிடு. சாப்பிடு!"

"சாப்பிது!"

"பி... டு!"

வகுப்பே அவள் பின்னால் கத்தியது. சாப்பிடு, சாப்பிடு என்று இருபது வாயும் சோற்றோடு கத்த, ஹுஸ்னா முட்டையைக் கையில் எடுத்து ஒரே கடியில் பாதியை முடித்தாள். பாத்திரத்தில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை. அன்றைக்கே அவள் பெயர் ரயில் ரோட்டு மூஜோவில் ஏறிவிட்டது.

சாயங்காலம் சைதா வந்து நின்றாள். "அந்த ஒழுகுற கொட்டாயிலயா சேர்த்த? ஊஞ்சல் உண்டா? படம் உண்டா?"

"ஒண்ணும் கெடையாது மைனி. ஆனா அந்த ஸயாமாவுக்குத் தமிழ் தெரியும்."

"பர்மாக்காரிக்கா? எவ்வளவு தெரியும்?"

"ஒரு சொல்லு" என்றாள் பரீதா, தலையை நிமிர்த்தி. "இந்த மூணு மூஜோவுலயும் நம்ம பிள்ளைகிட்டக் கேட்டுக் கத்துக்கிட்டது அவங்க ஒருத்தங்கதான்."

உள்ளிருந்து ஹுஸ்னாவின் குரல் வந்தது. "உம்மா, நாளைக்கு ரெண்டு முட்டை வை. ஒண்ணு ஸயாமாவுக்கு."