கொவில்காவின் மாத்திரை

மதியச் சாப்பாடு முடிந்ததும் மிலுடின் கிளம்ப வேண்டும். ஸ்வீடனுக்குப் போகும் மரச்சாமான்களோடு அவன் ஓட்டும் லாரி தெருமுனையில் நின்றது. இனி இலையுதிர் காலத்தில்தான் வருவான். மனைவி ஸ்லாவிட்சா அவன் சட்டைகளை மடித்துப் பையில் வைத்தாள். பிறகு வெளியே எடுத்து மறுபடியும் மடித்தாள்.

பக்கத்து வீட்டு கொவில்கா அக்காவிடம் சொல்லிக்கொள்ளப் போன மிலுடின், கண்கள் சொருகத் திரும்பி வந்தான்.

“என்ன ஆச்சு உனக்கு?”

“ராத்திரி தூக்கமே இல்லன்னேன். அக்கா காபியோட அரை மாத்திரை குடுத்தா. அப்புறம் நானே கேட்டு இன்னொரு அரை.”

அந்தத் தெருவில் அது சர்க்கரை கடன் வாங்குவது போலத்தான். யாருக்காவது மனம் சரியில்லை என்றால் காபிக் கோப்பைக்குப் பக்கத்தில் அரை மாத்திரை வந்துவிடும். டாக்டர் சீட்டு கொவில்காவின் பெயரில், தூக்கம் தெருவுக்கே.

ஸ்லாவிட்சா ஓடினாள். “அவன் வண்டி ஓட்டறவன்க்கா!”

“இதுல யாருடி செத்தா? என் புருஷன் அடக்கத்தன்னிக்கு நான் மூணு முழுங்கினேன். பாதிரியாரைவிட அமைதியா நின்னேன்.”

“சாராயம் ஏதும் குடுத்தியா?”

“கேட்டான். எனக்கே சொட்டு இல்ல.”

மாத்திரைப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மூலையில் சிவப்பு முக்கோணம்: இதை விழுங்கியவர் வண்டி ஓட்டக் கூடாது. மருந்துக்கடைக்குப் போன் போட்டாள்.

“ஸ்டியரிங்கைத் தொடவே விடாத,” என்றாள் மருந்தாளர். “நாளைக்கும் மப்பு சுத்தமாத் தெளிஞ்சாத்தான். குடி கூடவே கூடாது. ஒருக்களிச்சுப் படுக்க வை, அப்பப்ப கூப்பிட்டுப் பாரு. எழலன்னாலோ மூச்சு மெதுவாயிட்டாலோ ஆம்புலன்ஸைக் கூப்பிடு.”

மிலுடின் முதலாளியிடம் பேசினான். முதலாளி போட்ட கூச்சல் சமையலறை வரை கேட்டது. பேசி முடித்ததும் அவன் கட்டிலில் சாய்ந்தான்.

“அந்த முக்கோணம் எனக்குத் தெரியாதா ஸ்லாவா? வண்டிக்காரன்தானே நான்.”

“அப்புறம் ஏன்யா முழுங்கின?”

“ஒரு நாள்... உன்கூட இருக்கலாம்னு.”

சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட்டான்.

ஸ்லாவிட்சாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கிடைத்த ஒரே நாள்! ஆற்றங்கரைக்குப் போயிருக்கலாம். அவளுடைய நீலக் கவுனை அவன் இன்னும் பார்க்கவே இல்லை. அதைப் போட்டுக்கொண்டு கட்டில் அருகே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“மிலுடின்?”

“ம்... இங்கதான் இருக்கேன்.”

போனில் கூப்பிடும்போதெல்லாம் அவன் ஏதாவது ஊர்ப் பெயரைத்தான் சொல்வான். ஹாம்பர்க்கில் இருக்கேன், மால்மோவில் இருக்கேன். மருந்தாளர் சொன்னதற்கும் அதிகமாகவே அவள் அன்று அவனைக் கூப்பிட்டாள்.

மறுநாள் மப்பு முழுதும் தெளிந்த பிறகு அவன் கிளம்பினான். லாரி திரும்பி மறைந்ததும் ஸ்லாவிட்சா பெட்டியோடு வேலிப் பக்கம் போனாள்.

“நீயே வச்சுக்கோயேன்டி,” கொவில்கா கண் சிமிட்டினாள். “அடுத்த தடவையும் ஒரு நாள் பிடிச்சு வைக்கலாம்.”

ஸ்லாவிட்சா பெட்டியை உடனே நீட்டவில்லை. உள்ளே மாத்திரைகள் மெல்லக் குலுங்கின. இலையுதிர் காலம் வெகு தூரத்தில் இருந்தது.

“உனக்கு எழுதிக் குடுத்தது, நீதான் சாப்பிடணும்,” என்று வேலிக்கு மேல் கொடுத்தாள். “அவன் வந்தா முழிச்சிருக்கணும்க்கா. அரை நாள்னாலும் போதும்.”