தமயந்தி அழைத்துவந்த முகம்

1956ஆம் ஆண்டுத் தைப்பூசத்திற்குப் பழனி சென்ற பூம்பாறைத் தமயந்தி, வேறொருவனின் முகத்தைத் தன் கணவனுடையது என்று வீட்டுக்கு அழைத்து வந்தாள். அவ்வாண்டு மலையில் பூண்டு நன்றாக விளைந்தது. பழனி அடிவாரத்தில் முடியும் மீசையும் இறக்கிச் சந்தனம் பூசிக்கொண்டவர்கள் ஒருவர்போலவே ஒருவர் நின்றிருந்தனர். கணவனின் பெயரைச் சொல்வது வழக்கமில்லை. ஆகவே அவள் கூட்டத்தை நோக்கி, "ஏங்க, வெரசா வாங்க, பஸ்ஸு போயிரும்!" என்று கூவினாள். ஒரு மொட்டைத் தலை திரும்பிப் பார்த்து, அவள் பின்னால் நடந்தது.

அவளைத் தேடி அலைந்து, சத்திரத்தில் காய்ச்சலில் கிடந்து, மெய்யான கணவன் பொன்னுவேல் ஊர் வந்து சேர்ந்தபோது மாசி முடிந்திருந்தது. அதற்குள் வேலை நிறைவேறிவிட்டது. மனித மூளை முகங்களைப் பூட்டி வைப்பதில்லை. நினைக்கும்போதெல்லாம் புதிதாக வரைகிறது, அதுவும் அருகிலுள்ள முகத்தைப் பார்த்தே வரைகிறது. பூம்பாறையின் மூளைகள் அனைத்தும் அவ்வாறே வரைந்து முடித்திருந்தன.

"எந் தம்பிய எனக்குத் தெரியாதா? யாருலே நீ?" என்றான் உடன்பிறந்த அண்ணன் நாச்சிமுத்து. "பழனியில தலைமுடிய எடுக்கச் சொன்னா, மூஞ்சியவுஞ் சேத்து எடுத்துப்புட்டாகளோ!" என்று ஒருவர் சொல்ல, ஊர் சிரித்தது. பொன்னுவேல் மற்றவனிடம், "நீ எதுக்குய்யா வந்த?" என்று கேட்டான். "கூப்புட்டாக, வந்தேன்" என்றான் அவன். கணவனுக்குரிய பதில்தான் என்று ஊர் அதை ஏற்றுக்கொண்டது.

பொன்னுவேல் மனைவியின் முன் நின்றான். "ஏ புள்ள, நம்ம கல்யாணத்துல மழ பேஞ்சு, பந்த ஓல உம் மடியில விழுந்துச்சே. நாந்தான எடுத்தேன்?"

தமயந்தி கண்களை மூடினாள். மழை வந்தது, ஓலை விழுந்தது, அதை எடுக்க ஒரு கை நீண்டது. அந்தக் கையின் வழியே மேலே பார்த்தாள்.

"ஓல விழுந்தது நெசந்தாங்க," என்றாள் அழுதுகொண்டே, பக்கத்தில் நின்ற மற்றவனைக் காட்டி. "எடுத்தது இவுக."

பொன்னுவேல் தாண்டிக்குடிக் காப்பித் தோட்டத்திற்குக் கூலியாகப் போனான். தன் முகத்தைத் தானாவது மறக்கக் கூடாது என்று நாள்தோறும் கண்ணாடி பார்த்தான். மூன்றாம் ஆண்டின் மழைக்காலத்தில், திருமணத்தை நினைத்துக் கொண்டிருந்தபோது, மணவறையில் மற்றவன் அமர்ந்து தாலி கட்டுவதைக் கண்டான். தான் நனைந்தபடி பந்தலுக்கு வெளியே, விருந்தாளிகளோடு நின்றுகொண்டிருந்தான். அதன்பின் அவன் கண்ணாடி பார்க்கவில்லை.

1966இல், பொன்னுவேல் இறந்துவிட்டான் என்ற செய்தி பூம்பாறையிலிருந்து தாண்டிக்குடிக்கு, அவனிடமே வந்தது. அவன் ஜீப் பிடித்துப் போய், பாடையின் அருகே நின்று எல்லோரையும்விட உரக்க அழுதான். தமயந்தி தலை நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"நீங்க அவுகளுக்கு என்ன வேணும்?"

அவன் கண்களைத் துடைத்துக்கொண்டான்.

"கல்யாணத்துக்கு வந்திருந்தேங்க," என்றான்.

அவள் தலையசைத்து, தூரத்திலிருந்து வந்தவர்களோடு அவனுக்கும் காப்பி கொடுக்கச் சொன்னாள்.