பன்னிரண்டாம் நிமிடம்

எங்கள் குழுவில் பாடகர் கிடையாது. ரஜனேஷ் கிதார், கிரெக் டிரம்ஸ், ஷர்லீனாகிய நான் பேஸ் கிதார். என் காலடியில் ஒரு கேசட் பெட்டியும் இருக்கும், மிதித்தால் ஓடும். நாங்கள் வாசிப்பது ஒவ்வொன்றும் இருபது நிமிடம். முதல் எட்டு நிமிடம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். அப்புறம் ஏறும், ஏறும், கூரை பிய்த்துக்கொண்டு போகும். "இது பாட்டா, பல்வலியா?" என்று கேட்டவர்களும் உண்டு. கேட்கட்டும், எனக்கென்ன!

அது இரண்டாயிரத்து ஒன்பது. எங்கள் தீவு நாட்டில் ஆட்சியைப் பிடித்த ராணுவம் அரசியல் சாசனத்தையே தூக்கிக் கடாசிய வருடம். நாலு பேர் கூடுவதற்கும் போலீஸ் அனுமதி வேண்டும். நாங்கள் வாசிக்கப் போவதைக் கேட்டுப் பார்க்க, எங்கள் ஊரான நடபுவாவில் நாங்கள் ஒத்திகை பார்க்கும் கொட்டகைக்கு சார்ஜென்ட் சுரேந்திரா வந்தார். நம் தமிழ் ஆள்தான், கரும்புக்காட்டுக் குடும்பம். ஆறாவது நிமிடத்தில் கொட்டாவி விட்டார்.

"இன்னும் சுருதிதான் சேக்குறீங்களா?"

"ஆமா சார், கொஞ்சம் நேரமாகும்," என்றேன்.

"நல்லா சேருங்க. எனக்கு வேல கெடக்கு." கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். கிரெக் சிரிப்பை அடக்க முடியாமல் டிரம்ஸ் மேலேயே கவிழ்ந்தான்.

பன்னிரண்டாம் நிமிடத்தில்தான் கேசட். இரண்டாயிரத்தில் இந்திய வம்சாவளிப் பிரதமரை இறக்கத் துப்பாக்கியோடு பாராளுமன்றத்தில் புகுந்தார்களே, அதற்குப் பிறகு நம் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக நாட்டை விட்டுப் போனபோது நாந்தி விமான நிலையத்தில் நான் பதிவு செய்தது. ஒரே அழுகை. அதற்கு மேலே பக்கத்து வீட்டு ஜான்கி அக்காவின் குரல்: "நாங்க ஓடிப் போகல! தொரத்துறானுங்க! நல்லா கேட்டுக்குங்க!"

கச்சேரிக்கு முதல் நாள் அம்மா வயலட் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆக்லாந்தில் இருக்கும் அண்ணன் நார்மன் என் விசாவுக்கு எல்லாம் முடித்திருந்தான். என் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று போலீஸ் தரும் சான்றிதழ் மட்டும்தான் பாக்கி. அதில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அதே சுரேந்திரா.

"அந்தக் கேசட்டப் போடாதடி. இந்த ஒரு தடவ வாய மூடிக்கிட்டு இரு."

"என் வாய் மூடித்தாம்மா இருக்கு."

"கால வச்சுக்கிட்டு சும்மா இருடி அப்ப!"

ஞாயிறு மாலை கோயில் ஹாலில் கச்சேரி. கேசட்டைப் பற்றி யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள். சுரேந்திரா முன் வரிசையில் கை கட்டி உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை கொட்டாவி இல்லை. பதினோராம் நிமிடத்தில் என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. பிறகு ஹாலைப் பார்த்தேன். அன்று கரும்புக் கூலிக்குக் கப்பல் ஏறாத, இன்று பயந்து யாரும் பிளேன் ஏறாத வீடு என்று அங்கே ஒன்றுகூட இல்லை. ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மிதித்தேன்.

கேசட்டில் ஜான்கி அக்கா கத்தினாள். பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்றார். அப்புறம் பத்துப் பேர், அப்புறம் ஹால் முழுக்க. போலீஸ்காரன் ஒருவன் ஓடிப்போய்க் கரண்டைப் பிடுங்கினான். டிரம்ஸுக்குக் கரண்ட் எதற்கு? கிரெக் நிறுத்தவே இல்லை.

போலீஸ் நிலையத்துக்கு என்னைக் கூட்டிப்போய் சுரேந்திரா ஒரு தாளை நீட்டினார். "கேசட் தெரியாம ஓடிருச்சுன்னு எழுதிக் கொடு. நாளைக்கே சர்டிபிகேட்."

"தெரிஞ்சுதான் மிதிச்சேன்."

"அப்ப ஆக்லாந்த மறந்துடு."

"சரி சார், இங்கயே கெடக்குறேன். வாராவாரம் வாசிக்கிறேன். நீங்களும் வாராவாரம் வந்து முழுசா கேளுங்க."

அவர் தாளைப் பிடுங்கி மேசை டிராயருக்குள் போட்டார். பிறகு வீட்டுக்குப் போகச் சொன்னார்.

காலையில் வாசலில் போலீஸ் ஜீப். ஒரு கான்ஸ்டபிள் இறங்கிச் சான்றிதழை நீட்டினான். முத்திரை, கையெழுத்து, எல்லாம் சுத்தம். "சார் சீக்கிரம் பிளேன் ஏறச் சொன்னாரு," என்றான்.

அம்மா சிலுவை போட்டுக்கொண்டு அழுதாள். எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது; இதுவும் துரத்துவதுதானே! சான்றிதழை அவள் கையில் வைத்தேன்.

"பத்திரமா வச்சுக்கோம்மா. நான் போகல."

கிரெக்குக்குப் போன் போட்டு, அடுத்த ஞாயிறு ஹால் கிடைக்குமா என்று கேட்கச் சொன்னேன்.