தொலைந்துபோவதற்கு ஓர் ஒத்திகை

பயணத்துக்கு இன்னும் நாற்பத்தொரு நாள் இருக்கும்போதே நான் பயப்படத் தொடங்கிவிட்டேன். அதற்கு முன் பயமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அது பட்டியலுக்குள் அடங்கிய பயம். விமானத்தில் காது வலித்தால் என்ன செய்வது, எந்தச் சவாரிக்கு எத்தனை அங்குல உயரம் வேண்டும், மதிய வெயிலில் எங்கே உட்காரலாம் என்று ஒவ்வொன்றையும் நீல நோட்டில் எழுதி, பக்கத்தில் சதுரம் போட்டு, முடிந்ததும் டிக் அடித்தேன். ஃப்ளோரிடாவிலுள்ள ஒரு பெரிய கேளிக்கைப் பூங்காவுக்கு மகள் ஜூனியை அழைத்துப்போவது என்று கிறிஸ்துமஸ் அன்றே முடிவாகிவிட்டது. ஜூனிக்கு நாலரை வயது. அவளுக்கு மட்டும் விஷயம் தெரியாது.

அது என் கணவன் டேரலின் பிடிவாதம். ஒஹாயோவில் எங்களுக்குத் தெரிந்த எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். புறப்படும் நாள் காலையில் குழந்தையை எழுப்பி, எங்கே போகிறோம் என்று அப்போதுதான் சொல்லி, அந்த முகத்தை வீடியோ எடுப்பார்கள். டேரலின் அண்ணன் மகள் அப்படி ஒரு வீடியோவில் சிரித்துக்கொண்டே அழுவாள். டேரல் அதை இருபது தடவையாவது பார்த்திருப்பான்.

"வாயை விட்டுடாதே மார்னி," என்பான் என்னிடம். "உன் மூஞ்சியே காட்டிக் குடுத்துடும்."

"என் மூஞ்சிக்கு என்ன?"

"வரி கட்டாதவ மூஞ்சி மாதிரி இருக்கு."

செவ்வாய், வியாழன் மாலைகளில் நான் கல்லூரிக்குப் போகிறேன். பல் மருத்துவ உதவியாளர் படிப்பு. என் பக்கத்து இருக்கை ரோண்டாவுக்கு. மூன்று பிள்ளைகளைப் பெற்றவள், அந்தப் பூங்காவுக்கு நான்கு முறை போய்வந்தவள்.

"அந்தக் கூட்டம் எப்படிப்பட்டதுன்னு உனக்குத் தெரியாதுடி கண்ணு," என்றாள். "என் நடுப்பையனை நாப்பது நிமிஷம் தொலைச்சேன். யாரோ ஒரு குடும்பத்தோட உக்காந்து அவங்க ஐஸ்கிரீமைத் தின்னுக்கிட்டிருந்தான், எருமை."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"என்ன பண்றது? நானும் ஒண்ணு வாங்கித் தின்னேன்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு நாற்பது நிமிடம் என்ற சொல் மட்டும்தான் காதில் நின்றது. குழந்தையின் முழங்கைக்குக் கீழே அழியா மைப் பேனாவால் நம் தொலைபேசி எண்ணை எழுதி, அதன் மேல் காயத்துக்குப் பூசும் திரவப் பிளாஸ்திரியைத் தடவிவிட வேண்டும் என்று ரோண்டா சொல்லிக்கொடுத்தாள். அன்றைக்கே அது நோட்டில் ஏறியது. மை எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்க்க, வெள்ளிக்கிழமையே ஜூனியின் கையில் எழுதிவிட்டேன். ரகசியமாகப் பச்சை குத்துகிறேன் என்று சொன்னதும் அவள் கையை அசைக்காமல் நீட்டிக்கொண்டிருந்தாள்.

எண் மட்டும் போதுமா என்ற சந்தேகம் அடுத்து வந்தது. தொலைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று குழந்தைக்குத் தெரிய வேண்டாமா? மூன்று விதிகள் எழுதினேன். நின்ற இடத்தில் நின்று என் முழுப்பெயரைச் சொல்லிக் கத்த வேண்டும், ஏனென்றால் "அம்மா" என்றால் நூறு பேர் திரும்புவார்கள். நான் வராவிட்டால், குழந்தைகளோடு இருக்கும் ஓர் அம்மாவைத் தேடிப் போய்க் கையைக் காட்ட வேண்டும். அவரோடு எந்தக் கதவையும் தாண்டக் கூடாது.

பூங்காவைப் பற்றிச் சொல்லாமல் இதையெல்லாம் ஏன் என்று எப்படி விளக்குவது? அதனால் விளையாட்டு என்று சொன்னேன். இப்போது யோசித்தால், எல்லாம் கெட்டது அந்த ஒரு சொல்லில்தான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நெடுஞ்சாலையோரமுள்ள பெரிய கடைக்குப் போனோம். காலை உணவுப் பெட்டிகள் அடுக்கியிருந்த வரிசையில் ஜூனியை நிறுத்தினேன். "நான் காணாமப் போகப்போறேன். விதியெல்லாம் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. நீ போ," என்றாள், ஏதோ வேலைக்காரியை அனுப்புவதுபோல.

நான் வரிசையின் முனையில் மறைந்துகொண்டேன். போன் ஒலித்தால் ஒளிந்திருக்கும் இடம் தெரிந்துவிடும் என்று அதை ஊமையாக்கிக் கோட்டுப் பைக்குள் போட்டேன். அதைக்கூட யோசித்துச் செய்தோமே என்று அந்த நேரத்தில் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. மூன்று நிமிடம் என்று கணக்கு வைத்திருந்தேன்.

"மார்னி நோவாக்!" என்று ஜூனி கத்தினாள். முதல் விதி. மறுபடியும் கத்தினாள். ஒரு கிழவர் திரும்பிப் பார்த்தார். நான் போகவில்லை; இரண்டாவது விதியையும் சோதிக்க வேண்டும். அப்போது கடை ஊழியர் ஒருவர் ஆள் உயரத்துக்குக் கைதுடைக்கும் காகிதச் சுருள்கள் அடுக்கிய தள்ளுமேடையை எங்கள் இருவருக்கும் நடுவே இழுத்துக்கொண்டு வந்தார். ஏதோ இடித்துக்கொண்டு, சரிசெய்து, மெதுவாகத் திருப்பினார். அது நகர்ந்ததும் பார்த்தேன். ஜூனி இல்லை.

அடுத்த வரிசையில் இருப்பாள் என்று நினைத்தேன். இல்லை. அதற்கடுத்த வரிசையிலும் இல்லை. முதலில் நடந்தேன், பிறகு வேகமாக நடந்தேன். நான்கைந்து நிமிடம் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அதற்கான காரணத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. "எப்படித் தொலைச்சீங்க?" என்று கேட்பார்களே, "ஒளிஞ்சுக்கிட்டேன்" என்று எப்படிச் சொல்வது?

பால் அலமாரிகளின் ஓரம் வந்தேன். அங்கே நின்ற பெண் ஊழியரைப் பிடித்தேன்.

"என் பொண்ணைக் காணோம்."

அவர் ஒரு நொடிகூட வீணாக்கவில்லை. "வயசு? உடுப்பு?"

"நாலரை. ஆரஞ்சு கோட்டு, பச்சைக் குல்லாய், ஊதா ஷூ, இடது ஷூவுல மட்டும் வெள்ளைக் கயிறு." குழந்தையைக் கடத்துகிறவர்கள் கோட்டைக் கழற்றிவிடலாம், ஷூவை மாற்ற நேரமிருக்காது என்று எங்கோ படித்து, காலையிலேயே பார்த்து வைத்திருந்தேன்.

"கடைசியா எப்போ பாத்தீங்க?"

"இப்பதான்," என்று பொய் சொன்னேன். "ஒரு நிமிஷம் திரும்பினேன்."

அவர் ரேடியோவில் பேசினார். வாசல் கதவுகளில் ஆட்கள் நிற்கப்போவது எனக்குத் தெரிந்தது. நான் சொன்ன ஒரு நிமிடத்தை நம்பி அவர்கள் கடைக்குள்ளேதான் தேடுவார்கள். ஆனால் உண்மையில் பத்து நிமிடம் ஆகியிருந்தது. பத்து நிமிடத்தில் ஒரு கார் நெடுஞ்சாலை ஏறிவிடும். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தும் சொல்லவில்லை. டேரலைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தேன். தெரியாத எண்ணிலிருந்து ஆறு அழைப்புகள் தவறியிருந்தன.

திருப்பி அழைத்தேன். "அப்பாடா, கூப்பிட்டீங்களா!" என்றது ஒரு பெண் குரல். "உங்க பொண்ணு என்கூடதான் இருக்கா. பொம்மைப் பக்கம் வாங்க. முன்னாடி கவுன்ட்டருக்குப் போலாம்னு சொன்னேன், அங்க ஒரு கதவு இருக்காம், தாண்ட மாட்டாளாம். ரெண்டு குட்டிங்களை வண்டியில வெச்சுக்கிட்டு இவளோட வழக்காடிக்கிட்டு நிக்கிறேன்."

ஓடினேன். ஜூனி அந்தப் பெண்ணின் தள்ளுவண்டியைப் பிடித்தபடி, இரட்டைக் குழந்தைகளுக்கு ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். அழுத அடையாளமே இல்லை.

"கெட்டிக்காரி," என்றாள் அந்தப் பெண். "போலீஸ்ல சேத்துடுங்க."

அவளுக்கு நன்றி சொன்னேனா என்று நினைவில்லை; தேடிய ஊழியர்களிடம் கிடைத்துவிட்டாள் என்று சொல்லிவிட்டு வெளியேறினோம்.

காரில் ஏறி பெல்ட்டைப் பூட்டும்போது, "நான் ஜெயிச்சேனா?" என்று ஜூனி கேட்டாள்.

"பயமா இருந்துச்சா, செல்லம்?"

"எதுக்கு? நீ மூலையில நின்னே. உன் பூட்ஸ் தெரிஞ்சுது." பிறகு என்னைத் தேற்றுவதுபோலச் சொன்னாள்: "அப்புறம் நல்லா ஒளிஞ்சுக்கிட்டே. என்னால கண்டுபிடிக்கவே முடியலை. ஆனா நீ என்னைப் பாத்துக்கிட்டுத்தானே இருந்தே?"

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "ஆமாம், நல்லா விளையாடினே" என்றேன்.

வீட்டுக்கு வந்து டேரலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் முதலில் வெளிறினான், பிறகு சிரித்தான். "மூணு விதியையும் காப்பாத்தியிருக்கா. உனக்குத்தான் மார்க் கொறைச்சல்."

"டேரல், நான் எப்பவும் எங்கேயோ நின்னு பாத்துக்கிட்டிருக்கேன்னு அவ நினைக்கிறா. நிஜமா தொலைஞ்சா யாரையும் தேட மாட்டா. பயப்பட மாட்டா. அவ பாட்டுக்கு நடந்து போயிடுவா."

"அதுக்கு என்ன பண்ணணுங்கிறே? அம்மா உன்னை நிஜமாவே தொலைச்சுட்டேன்னு சொல்லி, நாலரை வயசுக் குழந்தையைக் கலங்க வெக்கணுமா? அப்புறம் எதுக்கு அந்த விளையாட்டுன்னு கேப்பா. பூங்கா வரும். எல்லாம் போச்சு."

அவன் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. நான் எப்போதும் மிகையாகப் பயப்படுகிறவள் என்பது எனக்கே தெரியும். "ஜூனியிடம் சொல்வது" என்று நோட்டில் எழுதிச் சதுரம் போட்டேன். ஆறு நாள் அது காலியாகவே இருந்தது.

ஆறாம் நாள் வெள்ளிக்கிழமை. தவக்கால வெள்ளிகளில் இறைச்சி கிடையாது என்பதால் எங்கள் தேவாலயக் கூடத்தில் மாலை ஐந்து மணிக்கே பொரித்த மீன் விருந்து தொடங்கிவிடும். பாதி ஊர் அங்கே இருந்தது. வரிசை படிக்கட்டுவரை வந்திருந்தது. டேரல் தட்டுகளோடு நின்றான், நான் ஜூனியின் கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டத் திரும்பினேன். உண்மையிலேயே ஒரு நொடிதான். திரும்பியபோது அவள் நின்ற இடத்தில் வேறு யாரோ நின்றார்கள்.

இந்த முறை நான் வெட்கப்படவில்லை. "ஜூனி!" என்று கூடமே அதிரக் கத்தினேன். டேரல் தட்டுகளை யார் கையிலோ திணித்துவிட்டு வெளிக்கதவை நோக்கி ஓடினான். நானும் பின்னால் ஓடினேன்.

வாகன நிறுத்தத்தில் பனி சேறாகிக் கிடந்தது. இடம் தேடி வண்டிகள் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருந்தன. அவற்றின் நடுவே ஜூனி கோட்டு இல்லாமல், அவசரமே இல்லாமல் நடந்துபோய்க்கொண்டிருந்தாள். நின்றாள். ஒரு வெள்ளை வேனைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டினாள். அந்த வேனின் பின்விளக்குகள் எரிந்தன. அது பின்னால் நகரத் தொடங்கியது.

டேரல் எப்படி அந்தத் தூரத்தைக் கடந்தான் என்று தெரியவில்லை. அவளைத் தூக்கிய கையோடு வேனின் கதவில் அறைந்தான். ஓட்டுநர் இறங்கி, இருவரையும் பார்த்துவிட்டு, தலையில் கைவைத்துச் சேற்றிலேயே நின்றார்.

"எங்கடி போனே?" டேரலின் குரல் உடைந்திருந்தது.

"அம்மாகிட்ட." ஜூனி வேனைக் காட்டினாள். "அம்மா அதுக்குப் பின்னாடிதானே ஒளிஞ்சிருக்கா?" அப்போதுதான் கதவுப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தாள். "நீ ஏன் அங்க இருக்கே?"

டேரல் என்னைப் பார்த்தான். "சொல்லிடு," என்றான்.

நாங்கள் அவளைக் கூடத்துக்குள் தூக்கிவந்து, கோட்டுகள் தொங்கிய நடைவழியில் மரப்பெட்டிமேல் உட்கார வைத்தோம். நான் அவள் முன்னால் மண்டியிட்டேன்.

"ஜூனி, அன்னிக்குக் கடையில நீ காணாமப் போனதுக்கப்புறம் நான் ஒளியலை. உன்னைத் தேடிக்கிட்டிருந்தேன்."

அவள் சிரித்தாள். "பொய். நீ பாத்துக்கிட்டிருந்தே."

"பாக்கலை. நீ எங்கே இருக்கேன்னு எனக்குத் தெரியவே தெரியாது."

"கொஞ்சம் தெரியும்."

"கொஞ்சம்கூடத் தெரியாது, கண்ணு. ரொம்பப் பயந்துட்டேன்." அதுவரை அடக்கிவைத்திருந்தது அப்போது வெளியே வந்தது, அழுதுவிட்டேன். அவள் முன் அழக் கூடாது என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். ஆனால் சொன்னதைவிட அதைத்தான் அவள் நம்பினாள். சிரிப்பு முதலில் வாயிலிருந்து போனது, பிறகு கண்ணிலிருந்து.

"அப்போ யார் என்னைப் பாத்துக்கிட்டாங்க?"

"அந்த இரட்டைக் குழந்தைங்களோட அம்மா."

"அதுக்கு முன்னாடி?"

நான் டேரலைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாரும் இல்லை," என்றேன்.

அவள் நான் நினைத்ததுபோல ஓவென்று அழவில்லை. சுற்றிலும் தொங்கிய கோட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள், அவற்றின் பின்னால் உண்மையில் ஒன்றுமே இல்லை என்பதை இப்போதுதான் கண்டுகொள்பவள்போல. அவளிடமிருந்து நான் எதையோ பிடுங்கிவிட்டேன் என்று அப்போது தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது.

"எதுக்கு அந்த விளையாட்டு?" என்று கேட்டாள்.

டேரல்தான் பதில் சொன்னான், அவளருகே உட்கார்ந்து. "அடுத்த மாசம் ஒரு பெரிய பூங்காவுக்குப் போறோம், ஜூனி. விமானத்துல. ராட்டினம், படகு, பொம்மை ஊர்வலம் எல்லாம் இருக்கும். அங்க நீ தொலைஞ்சுடக் கூடாதுன்னுதான்." இரண்டு மாதமாகக் காத்த ரகசியத்தை, ஈரக் கோட்டுகளின் நடுவே, மீன் வாசனைக்குள் சொன்னான். போனை வெளியே எடுக்கவில்லை.

ஜூனியின் முகம் மலரவில்லை. "அங்க கூட்டமா இருக்குமா?"

"இருக்கும்."

"இங்க இருக்கிற மாதிரியா?"

"இதைவிட ரொம்ப," என்றேன்.

"அங்கேயும் நீ என்னைத் தொலைச்சுடுவியா?"

மாட்டேன் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எந்த அம்மாவும் அதைத்தான் சொல்வாள். "தொலைக்காம இருக்கத்தான் பாப்பேன்," என்றேன். "ஆனா தொலைஞ்சுட்டா, நான் உன்னைப் பாத்துக்கிட்டிருக்க மாட்டேன். நீ கத்தணும். நிஜமாக் கத்தணும்."

அவள் பெட்டியிலிருந்து இறங்கி, என் கோட்டு வாரின் நுனியை எடுத்துத் தன் முஷ்டியில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டாள். அப்படியே கூடத்துக்குள் போனோம். மேஜையில் உட்கார்ந்தும் விடவில்லை. மீனை இடது கையால் தின்றாள், பாதி மடியில் விழுந்தது. யார் அருகில் வந்து பேசினாலும் முதலில் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"போகத்தான் போறோமா?" என்று டேரல் மெல்லக் கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். ஜூனி வாரை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

"இருக்கேன்," என்றேன்.